சளி மாத்திரைக்கு புளூ ஜுரம் அடங்குமா?

ஒரு தம்ளர் தண்ணீர். அதில் ஒரு மாத்திரையைப் போடுகிறார்கள். "புஸ்" என்று நுரை பொங்குகிறது. தண்ணீர் சோடா மாதிரி ஆகிவிடுகிறது. பெரியவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு மடமடவென்று குடிக்கிறார். அழுகிய முட்டை வாடை லேசாக அடிக்கிறது. பரவாயில்லை! நெஞ்சில் கெட்டியாகக் கிடந்த சளி இளகி வெளியே வந்துவிடும்.

புதுக்கோட்டைக்குத் தெற்கே, திருமயம் வட்டத்தில் இருக்கிறது அரிமளம். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்க, வயதானவர்கள் வீட்டைக் காத்துக்கொண்டிருக்கும் சீமை இது. இங்கே ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் திண்ணைக்குத் திண்ணை இருமல் சத்தம்தான். மருந்துக் கடையில் இப்படி ஒரு பேச்சைக் கேட்கலாம்:

"அண்ணே, எங்க மாமாவுக்குக் கொடுத்தீங்களே, அந்த நுரை மாத்திரை! அதுல இன்னும் பத்துக் கொடுங்க."

"மாமாவுக்கு மறுபடியும் சளியா?"

"இல்லைண்ணே. மழைக்காலம் வருது. அதைச் சாப்பிட்டா புளூ ஜுரம் வராதாமே! யாரோ சொன்னாங்க."

யாரோ சொன்னார்கள்! அந்த "யாரோ" முழுக்கப் பொய் சொல்லவில்லை. முழுக்க மெய்யும் சொல்லவில்லை. உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அது ஒரு சுவையான கதை.

மாத்திரையின் பூர்வீகம்

அந்த நுரை மாத்திரையில் இருக்கும் மருந்தின் பெயர் அசிட்டைல் சிஸ்டீன். 1960-களில் சளியை இளக்கும் மருந்தாக இது டாக்டர்களின் கைக்கு வந்தது.

சளியை ஒரு நூல்கண்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். நூலுக்கு நூல் கொக்கி போட்டுப் பிணைந்து கிடக்கிறது. அந்தக் கொக்கிகள் கந்தகத்தால் ஆனவை. இந்த மருந்திலும் கந்தகம் இருக்கிறது. (முட்டை வாடைக்குக் காரணம் அதுதான்!) மருந்தில் உள்ள கந்தகம் போய், சளியில் உள்ள கொக்கிகளைக் கழற்றி விடுகிறது. கண்டு அவிழ்ந்து விடுகிறது. சளி தண்ணீர்ப் பதமாகிறது.

பத்து ஆண்டுகள் இந்த ஒரே வேலையைத்தான் அது செய்துகொண்டிருந்தது. பிறகு, யாரும் எதிர்பாராத இன்னொரு வேலை அதற்குக் கிடைத்தது.

ஜுரத்துக்கு நாம் போட்டுக்கொள்கிறோமே பாராசிட்டமால், அது அளவோடு இருந்தால் நல்ல மருந்து. அளவு மீறினால் கல்லீரலுக்கு விஷம். கல்லீரலில் "குளுடாதயோன்" என்று ஒரு பொருள் இருக்கிறது. அதுதான் கல்லீரலின் காவல்காரன். பாராசிட்டமாலிலிருந்து உண்டாகும் நஞ்சை அது பிடித்து வெளியேற்றிவிடும். மாத்திரை மிதமிஞ்சிப் போனால் காவல்காரர்கள் எல்லோரும் செலவாகி விடுவார்கள். கல்லீரல் தனியே நின்று அடிபடும்.

1970-களில் ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ நகரில் இருந்த டாக்டர்கள், இப்படி ஆபத்தான நிலையில் வந்தவர்களுக்கு அசிட்டைல் சிஸ்டீனை நரம்பு வழியாக ஏற்றிப் பார்த்தார்கள். உடம்பு அதை வைத்துக்கொண்டு புதிய குளுடாதயோனைத் தயாரித்தது! உரிய நேரத்தில் கொடுத்தால் கல்லீரல் பிழைத்தது. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில், விஷமுறிவு மருந்துகளின் வரிசையில் இதற்கு ஓர் இடம் உண்டு.

சளி மருந்து, உயிர் காக்கும் மருந்தாயிற்று!

வாழைத்தண்டும் மோரும்

அதற்கும் புளூ ஜுரத்துக்கும் என்ன சம்பந்தம்? சமையல்கட்டுக்குப் போனால் விளங்கும்.

வாழைத்தண்டை நறுக்கிச் சும்மா வைத்தால் என்ன ஆகும்? கறுத்துப் போகும். அதனால்தான் நறுக்க நறுக்க மோர்த் தண்ணீரில் போடுகிறார்கள். காற்றில் உள்ள பிராணவாயு தண்டைத் தாக்குவதுதான் கறுப்புக்குக் காரணம். இரும்பு துருப்பிடிப்பதும், பழைய எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதும் இதே வகை வேலைதான்.

பிராணவாயு இல்லாமல் நாம் ஒரு நிமிஷம் இருக்க முடியாது. ஆனால் உடம்புக்குள்ளே அதிலிருந்து சில முரட்டுப் பிள்ளைகள் பிறக்கின்றன. கண்ணில் பட்டதையெல்லாம் கடித்துக் குதறும் குணம் அவற்றுக்கு. இந்த முரடர்களை அடக்கும் பொருள்களுக்கு "ஆன்டி ஆக்சிடன்ட்" என்று பெயர். நெல்லிக்காயில் உள்ள வைட்டமின் சி அந்த ஜாதி. மேலே சொன்ன குளுடாதயோனும் அந்த ஜாதிதான். குளுடாதயோனை உண்டாக்கத் துணை செய்யும் அசிட்டைல் சிஸ்டீனையும் அந்தக் குடும்பத்தில் சேர்க்கிறார்கள்.

புளூ கிருமி நுரையீரலுக்குள் நுழைந்தவுடன் நம் இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் போருக்குக் கிளம்புகின்றன. அவற்றின் ஆயுதமே அந்த முரட்டுப் பிராணவாயுதான்! அதை வாரி இறைக்கின்றன. கிருமி அடிபடுகிறது. கூடவே நுரையீரலும் அடிபடுகிறது. திருடனைப் பிடிக்க வைக்கோற்போருக்குத் தீ வைத்தால், பக்கத்தில் உள்ள வீடும் பற்றிக்கொள்ளும் அல்லவா? அந்தக் கதைதான். கடுமையான புளூ ஜுரத்தில் கிருமி செய்யும் சேதம் ஒரு பங்கு. நம் சொந்தப் படையே செய்யும் சேதம் இன்னொரு பங்கு.

இது வெறும் ஊகம் அல்ல. ஜப்பானில் குமமோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மயேடா என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டத்தாரும் எலிகளுக்கு புளூ கிருமியைக் கொடுத்தார்கள். பிறகு, முரட்டுப் பிராணவாயுவை அடக்கும் ஒரு பொருளை அந்த எலிகளுக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். அந்தப் பொருள் கிருமியைத் தாக்கும் மருந்து அல்ல. ஆனாலும், சாக வேண்டிய எலிகளில் பல பிழைத்துக்கொண்டன! 1989-ல் இந்தச் செய்தி வெளிவந்தது.

கிருமியைக் கொல்லாமலே நோயாளியைக் காப்பாற்றலாமா? விஞ்ஞானிகளுக்கு ஆசை பிறந்தது.

கப்பலில் வந்த ஜுரம்

இந்த ஆசை ஏன் இவ்வளவு பெரிது என்பதை அறிய, கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1918-ல் வந்த புளூ ஜுரத்தை நம் பாட்டன், பூட்டன் காலத்துப் பெரியவர்கள் "விஷ ஜுரம்" என்றார்கள். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்த நோயை உண்டாக்குவது எது என்றே அப்போது தெரியாது. மனிதனின் புளூ கிருமியைப் பிரித்து எடுத்தது 1933-ல்தான்.

அடுத்து 1957. அந்த ஆண்டு மே மாதம், சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்தது. பயணிகள் இறங்கினார்கள். அவர்களோடு ஒரு புது ஜுரமும் இறங்கியது! அக்கரைச் சீமையிலிருந்து பெட்டி படுக்கையோடு திரும்பும் செட்டிநாட்டார், புதுக்கோட்டையார், தஞ்சாவூரார் எல்லோருக்கும் அந்தக் காலத்தில் கப்பல்தானே வழி! சென்னையில் தொடங்கிய ஜுரம் சில வாரங்களில் இந்தியா முழுவதும் பரவியது. 1958-ம் ஆண்டுத் தொடக்கம் வரை சர்க்கார் கணக்கில் ஏறிய நோயாளிகள் மட்டும் சுமார் 44 லட்சம் பேர். இறந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம். குன்னூரில் உள்ள பாஸ்டர் இன்ஸ்டிடியூட் அந்தக் கிருமியை ஆராய்ந்தது. கணக்கில் ஏறாமல் கிராமத்து வீடுகளில் கஞ்சி குடித்துப் படுத்திருந்தவர்கள் எத்தனை லட்சமோ!

பின்னர் 2009-ல் "பன்றிக் காய்ச்சல்" என்று இன்னொரு புளூ உலகைச் சுற்றியது. அந்தக் கிருமியின் வாரிசுகள் இன்றும் மழைக்காலத்தில் நம்மிடையே உலவுகின்றன.

புளூ கிருமிக்கு ஒரு கெட்ட பழக்கம். அடிக்கடி சட்டையை மாற்றிக்கொள்ளும். போன வருஷம் போட்ட தடுப்பு ஊசி இந்த வருஷம் அதை அடையாளம் கண்டுகொள்ளாமல் போகலாம். அதனால் ஆண்டுதோறும் புதிய ஊசி தேவைப்படுகிறது. கிருமியைத் தாக்கும் மருந்துகளையும் அது ஏமாற்றக் கற்றுக்கொள்கிறது. ஆனால் நம் உடம்பு சட்டை மாற்றுவதில்லை! உடம்புக்குப் பலம் கொடுத்து நோயைத் தாங்க வைக்கும் மருந்து ஒன்று இருந்தால், கிருமி எந்த வேஷத்தில் வந்தால் என்ன?

இத்தாலியில் 262 பேர்

இந்தக் கேள்வியோடு இத்தாலியில் ஒரு பரீட்சை நடந்தது. ஜெனோவா நகரைச் சேர்ந்த டி ஃப்ளோரா என்ற விஞ்ஞானி இதை முன்னின்று நடத்தினார். முடிவு 1997-ல் வெளியாயிற்று.

மொத்தம் 262 பேர். பெரும்பாலோர் 65 வயதைத் தாண்டியவர்கள். அவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு 600 மில்லிகிராம் அசிட்டைல் சிஸ்டீன் மாத்திரை, காலையில் ஒன்று, இரவில் ஒன்று. இன்னொரு கூட்டத்துக்கும் அதே மாதிரி மாத்திரை. ஆனால் அதில் மருந்து கிடையாது! வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆறு மாதம் இப்படிக் கொடுத்தார்கள். குளிர்காலம் வந்தது. புளூவும் வந்தது.

இரத்தத்தைச் சோதித்தார்கள். கிருமி இரண்டு கூட்டத்தாரையும் ஏறக்குறைய சமமாகவே தொற்றியிருந்தது. மருந்து கிருமியை வாசலில் தடுக்கவில்லை.

ஆனால் பாருங்கள்! வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் கிருமி தொற்றிய 100 பேருக்கு 79 பேர் வீதம் ஜுரம், உடம்பு வலி என்று நோய் கண்டது. உண்மையான மருந்து சாப்பிட்டவர்களில் 100-க்கு 25 பேர்தான் நோயில் விழுந்தார்கள். மற்றவர்களுக்குக் கிருமி வந்து போனதே தெரியவில்லை!

மருந்துக் கடையில் "யாரோ சொன்னாங்க" என்ற பேச்சுக்கு மூலம் இதுதான். ஜெனோவாவிலிருந்து கிளம்பிய சேதி, ஊர் ஊராகக் கை மாறி, கால் முளைத்து நடந்து வந்துவிட்டது.

ஆனால் வழியில் ஒரு விஷயம் தொலைந்து போயிற்று. அந்த 262 பேர் ஜுரம் வந்த பிறகு மாத்திரை சாப்பிடவில்லை. ஜுரம் வருவதற்கு முன்பே, நாள் தவறாமல், ஆறு மாதம் சாப்பிட்டார்கள். பத்து மாத்திரை வாங்கி டப்பாவில் போட்டு வைப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. 262 பேரில் கிருமி தொற்றியவர்கள் சுமார் கால் பங்குதான். அந்தச் சிறிய கூட்டத்தை வைத்து வந்ததுதான் இந்த 79-ம் 25-ம். ஒரு வயலில் ஒரு போகம் நன்றாக விளைந்ததை வைத்து ஜில்லா முழுவதற்கும் விதை கொடுத்துவிட முடியுமா? இன்னும் பல வயலில் போட்டுப் பார்க்க வேண்டாமா?

போட்டுப் பார்த்தார்கள்

2009 பன்றிக் காய்ச்சலின்போது ஹாங்காங்கில் ஒரு பெண்மணி நிமோனியா கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். புளூ மருந்தோடு அசிட்டைல் சிஸ்டீனையும் அதிக அளவில் நரம்பு வழியாக ஏற்றினார்கள். தேறினார். டாக்டர்கள் 2010-ல் அதை எழுதினார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் பிராங்பர்ட் விஞ்ஞானிகள், பறவைக் காய்ச்சல் கிருமியைக் கண்ணாடிக் குப்பியில் வளரும் நுரையீரல் அணுக்களில் விட்டு, இந்த மருந்தையும் விட்டார்கள். கிருமியின் பெருக்கம் குறைந்தது.

"ஆஹா!" என்று சொல்வதற்குள் மறு ஆண்டே பெல்ஜியத்திலிருந்து வேறு சேதி வந்தது. "இந்த மருந்து எல்லா புளூ கிருமிகளிடமும் வேலை செய்வதில்லை" என்று அங்குள்ள விஞ்ஞானிகள் எழுதினார்கள்.

பிறகு கோவிட் வந்தது. அதுவும் நுரையீரலைத் தாக்கும் நோய்தானே! பிரேசில் நாட்டில் சாவோ பாலோ நகரில் கடுமையான கோவிட் கண்ட 135 பேரை இரண்டு கூட்டமாக்கி, ஒரு கூட்டத்துக்கு இந்த மருந்தை மிக அதிக அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மூச்சுக் கருவி தேவைப்பட்டவர்களின் விகிதம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றேதான்.

கோவிட் வேறு, புளூ வேறு. ஆனாலும் ஒன்று புரிகிறது. தீ பரவுமுன் தண்ணீர் தெளித்து வைப்பது ஒரு காரியம். கூரை எரிந்து விழும்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது இன்னொரு காரியம்.

ஏன் முடிவாகவில்லை?

1997-க்குப் பிறகு எத்தனையோ மழைக்காலம் போய்விட்டது. ஆனால் இந்த விஷயத்தைப் பேசுகிறவர்கள் இன்றும் அந்த 262 பேரைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். ஆயிரக்கணக்கானவர்களை வைத்து ஏன் சோதிக்கவில்லை?

பணம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. இது பழைய மருந்து. யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். ஒரு கம்பெனி கோடி கோடியாகச் செலவழித்து "இது புளூவுக்கும் நல்லது" என்று நிரூபித்தால், லாபம் பக்கத்துக் கம்பெனிக்கும் போகும். எந்த முதலாளி அதைச் செய்வார்? சர்க்காரும் பல்கலைக்கழகங்களும் செய்தால்தான் உண்டு.

செய்தால் பலன் கிடைக்கும் என்பதற்கும் அத்தாட்சி இருக்கிறது. 2020-ல் இங்கிலாந்தில் பல மருத்துவமனைகள் கூடி, டெக்சாமெத்தசோன் என்ற மலிவான பழைய மருந்தைக் கோவிட் நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தன. மூச்சுக் கருவியில் இருந்தவர்களின் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது! (இதைப் படித்துவிட்டு புளூ ஜுரத்துக்கு அந்த மருந்தை யாரும் வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. அது டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டியது.)

மருந்துகளின் வாழ்க்கையில் இப்படித் தொழில் மாறுவது புதிதல்ல. தலைவலிக்கு வந்த ஆஸ்பிரின் இருதய நோய்க்குப் போயிற்று. இன்னொரு வேடிக்கை. அமன்டடின் என்று ஒரு மருந்து. புளூ ஜுரத்துக்காகவே வந்தது. அமெரிக்காவில் ஒரு பெண்மணி, புளூ வராமல் இருக்க அதைச் சாப்பிட்டார். அவருக்குக் கைகால் நடுங்கும் "பார்க்கின்சன்" நோய் இருந்தது. மருந்து சாப்பிட்ட ஆறு வாரமும் நடுக்கமும் விறைப்பும் வெகுவாகக் குறைந்தன! நிறுத்தியதும் திரும்ப வந்துவிட்டன. அவர் டாக்டரிடம் சொன்னார். டாக்டர் அதை அலட்சியம் செய்யாமல் மற்ற நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்து, 1969-ல் எழுதினார். இன்று அந்த மருந்தை புளூவுக்குக் கொடுப்பதில்லை. கிருமி அதை வென்றுவிட்டது. நடுக்க வாதத்துக்குக் கொடுக்கிறார்கள்!

வீட்டில் கவனிக்க வேண்டியது

சரி, மாமாவுக்கு ஜுரம் வந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில், வீட்டில் எத்தனை விதமான ஜுர மாத்திரை இருக்கிறது என்று பாருங்கள். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். பாராசிட்டமால் தனி மாத்திரையாக இருக்கிறது. சளிக்கும் மூக்கடைப்புக்கும் விற்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் அது ஒளிந்திருக்கிறது. ஜுரத்துக்கு ஒன்று, ஜலதோஷத்துக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று என்று மூன்றையும் விழுங்கினால், ஒரே மருந்து மூன்று மடங்கு உள்ளே போகலாம்! அட்டையின் பின்புறம் பெயர் இருக்கும். எழுத்துக் கூட்டியாவது படியுங்கள். பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். நல்ல தேகமுள்ள பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுதான் எல்லை. மெலிந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், மதுப்பழக்கம் உள்ளவர்களுக்கு அதுவும் அதிகம். மீறிவிட்டால், உடம்பு நன்றாக இருப்பது போலத் தோன்றினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அங்கே காப்பாற்றக் காத்திருப்பது நம் கதாநாயகன் அசிட்டைல் சிஸ்டீன்தான்! வீட்டு நுரை மாத்திரையைக் கரைத்துக் குடித்துச் சமாளிக்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் அளவே வேறு.

இரண்டாவது, வயோதிகர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை வியாதி, ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்களுக்கு புளூ ஜுரம் கண்டால் காலம் கடத்தக் கூடாது. கிருமியைத் தாக்கும் ஓசெல்டாமிவிர் என்ற மருந்து இருக்கிறது. ஜுரம் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சு குழறினாலோ கேட்கவே வேண்டாம். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வண்டி பிடிக்க வேண்டியதுதான்.

அந்த ஓசெல்டாமிவிர் எதிலிருந்து வந்தது தெரியுமா? நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கு உறவான அன்னாசிப் பூவிலிருந்து! செட்டிநாட்டுக் குழம்புக்குத் தாளிக்கும் அதே பூதான். அதில் உள்ள ஓர் அமிலத்தை எடுத்து, பல படிகளில் மாற்றி அந்த மருந்தைச் செய்தார்கள். 2005-ல் பறவைக் காய்ச்சல் பீதி கிளம்பியபோது சீனத்து அன்னாசிப் பூவுக்கு உலகமே அலைந்தது. அதற்காக, பூவைக் கஷாயம் வைத்துக் குடித்தால் புளூ போகாது. பூ வேறு, மருந்து வேறு.

மூன்றாவது, புளூ தடுப்பு ஊசி. ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்கு முன்பே போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அறுபதைத் தாண்டியவர்கள் அவசியம் கேட்க வேண்டும்.

நுரை மாத்திரையை என்ன செய்வது? டாக்டர் சளிக்கு எழுதிக் கொடுத்திருந்தால் சொன்னபடி சாப்பிட வேண்டியதுதான். ஆஸ்துமாக்காரர்களுக்குச் சில சமயம் இது மூச்சு இறுக்கத்தைக் கொண்டுவரும். நுரைப்பதற்காக அதில் சோடா உப்பு சேர்ந்திருப்பதால், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரிடம் அதையும் சொல்ல வேண்டும்.

புளூவுக்கென்று பத்து மாத்திரை வாங்கி, உறையைப் பிரித்து டப்பாவில் போட்டு வைப்பது வீண் செலவு. மழைக்கால ஈரக் காற்று பட்டால் அது டப்பாவுக்குள்ளேயே இளகிப் போகும். அப்புறம் தண்ணீரில் போட்டாலும் "புஸ்" என்று பொங்காது.